சங்ககிரியில் ஓர் ஆடிப் பதினெட்டு

சரித்திரக் கட்டுரை எழுதுகிறவன் வீட்டுக் கணக்கிலிருந்து ஆரம்பிப்பது வழக்கமில்லை. ஆயினும் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஆடிப் பதினெட்டு அன்று காலையில் நான் சேலத்தில் பஸ் ஏறியபோது என் சட்டைப் பையில் இருந்தது சரித்திரக் குறிப்பு அல்ல. ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஆறு காரியங்கள் எழுதியிருந்தன.

ஒன்று: அப்பாவின் மூக்குக் கண்ணாடியின் கால் ஒடிந்துவிட்டது, சரிசெய்ய வேண்டும். இரண்டு: அவருக்கு ஒரு மாதத்துக்கு இரத்த அழுத்த மாத்திரை. மூன்று: பெரியம்மா வீட்டில் கல்யாணப் பேச்சு, எட்டிப் பார்க்காவிட்டால் மனஸ்தாபம். நான்கு: எங்கள் தெரு மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள், எங்கள் வீட்டுப் பங்கு கம்பு மாவைச் சேர்ப்பிக்க வேண்டும். ஐந்து: மாலை நான்கு மணிக்கு வாசகசாலை இளைஞர்கள் கூட்டம், தீரன் சின்னமலையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டும். ஆறு: அப்பாவைப் பார்ப்பது.

அதை ஆறாவதாக எழுதியவன் நான்தான். வேண்டுமென்று செய்ததல்ல. மற்ற ஐந்துக்கும் நேரம் குறித்தாகிவிட்டது. அவரை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற நினைப்பு. எண்பத்தேழு வயதுக்காரரைப் பற்றி அப்படி நினைப்பது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்பது மாலைக்குள் தெரிந்துவிட்டது.

வைகுந்தம் தாண்டியதும் மலை தெரிய ஆரம்பித்துவிடும். ஒரு பக்கமிருந்து பார்த்தால் சங்கைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கும். அதனால்தான் சங்ககிரி என்று பெயர் வந்தது என்பார்கள். மலைச் சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மதில்கள், வாயில்கள். மேலே சென்னகேசவப் பெருமாள் கோவில், முஸ்லிம்களின் வழிபாட்டிடங்கள், மழைநீர்ச் சுனைகள், தானியக் கிடங்குகள். கீழே லாரிகள்! சங்ககிரி என்றால் இன்றைக்கு வெளியூர்க்காரருக்கு லாரிதான் ஞாபகம் வரும். கோட்டை கட்டியவர்கள் அதைப் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்; அவர்கள் கொடி போகாத ஊருக்கெல்லாம் எங்கள் ஊர் லாரிகள் போய் வருகின்றன.

அன்று ஊருக்குள் பஸ் நகர முடியவில்லை. சின்னமலையின் நினைவுச் சின்னத்துக்கு மாலை அணிவிக்க அரசாங்கத்தார், கட்சிக்காரர்கள், சங்கத்தார் எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கொடி கட்டிய வண்டிகள்; இன்னொரு பக்கம் மஞ்சள், பூ, காதோலை கருகமணி சகிதம் காவிரிக்குப் புறப்பட்ட குடும்பங்கள். துக்கமும் பண்டிகையும் ஒரே சாலையில் எதிரும் புதிருமாகப் போகிற நாள் எங்கள் சீமையில் இது ஒன்றுதான்.

வீட்டுக்குப் போனபோது மணி பத்தரை. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கையில் பஞ்சாங்கம்; ஒற்றைக் கால் கண்ணாடியை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. சாப்புட்டியா?"

"ஆச்சுங்கப்பா. கண்ணாடியைக் கொடுங்க, கடைக்குப் போகோணும்."

"வந்ததும் போறயா? செத்த நேரம் உட்காரு."

உட்கார்ந்தேன். என் பார்வை கைக்கடிகாரத்தில் இருந்தது. அவருடைய பார்வை என் பையிலிருந்து எட்டிப் பார்த்த கூட்ட நோட்டீசில் இருந்தது. வாங்கிப் படித்தார். 'ஆடிப் பதினெட்டு, 31-7-1805 அன்று தூக்கிலிடப்பட்ட மாவீரர்' என்று மேலே அச்சாகியிருந்தது. கூட்டம் நடைபெறும் நாள் 'ஆடிப் பதினெட்டு, 3-8-2025' என்று கீழே.

"ஏங்கண்ணு, அன்னைக்கு ஜூலை முப்பத்தொண்ணு, இன்னைக்கு ஆகஸ்ட் மூணு. ரெண்டும் ஆடிப் பதினெட்டுன்னா எப்படி?"

வாஸ்தவத்தில் நான் அதை யோசித்ததே இல்லை. நோட்டீசில் பிழை இருக்கும் என்று சொல்லி எழுந்துவிடப் பார்த்தேன். அப்பா விடவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஆரம்பப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். நோட்டீசைத் திருப்பி, அதன் முதுகில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்னதன் சாரம் இது. இங்கிலீஷ் வருஷம் பருவத்தை ஒட்டியது; வெயில், குளிர், பகலிரவு சமமாகும் நாள் இவை தவறாமல் வரும்படி அமைத்தது. நம்முடைய வருஷம் சூரியன் நட்சத்திர மண்டலத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதைக் கொண்டது. இரண்டுக்கும் வித்தியாசம் வருஷத்துக்குச் சுமார் 20 நிமிஷம். நம் வருஷம் அவ்வளவு நீளம் அதிகம். 220 வருஷத்தில் அது 4,400 நிமிஷம். ஒரு நாளைக்கு 1,440 நிமிஷம். வகுத்தால் மூன்று நாள், கொஞ்சம் மிச்சம். ஜூலை 31-உடன் மூன்று நாளைக் கூட்டினால் ஆகஸ்ட் 3!

"நோட்டீசில பிழையில்லை. ரெண்டும் ஒரே நாள்தான்" என்று பென்சிலைக் கீழே வைத்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. சரித்திர நாவல் எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். 2005-ஆம் ஆண்டில் சின்னமலைக்குத் தபால் தலை வெளியிட்டது ஜூலை 31-ஆம் தேதியில். ஜனங்கள் மாலை போடுவது ஆடிப் பதினெட்டில். தபால் இலாகா இங்கிலீஷ் கணக்கு, ஜனங்கள் நட்சத்திரக் கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லையே! "அருமைங்கப்பா, இதைக் கூட்டத்தில் சொல்கிறேன்" என்று எழுந்தேன். இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

கண்ணாடிக் கடையில் கூட்டம். மருந்துக் கடையில் ஒரு மாத்திரை இல்லை; மாலையில் வரும் என்றார்கள். பெரியம்மா வீட்டில் காப்பி குடிக்காமல் விடவில்லை. கம்பு மாவைக் கொடுக்கப் போன இடத்தில், "ஏனுங் தம்பி, கதையெல்லாம் எழுதறீங்க, நம்ம கோவிலுக்கு ஒரு வரலாறு எழுதித் தரக்கூடாதுங்களா?" என்று பிடித்துக்கொண்டார்கள். இப்படிச் சுற்றுகையில் மனசுக்குள் பேச்சைத் தயார் செய்துகொண்டே போனேன். அதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

சின்னமலையின் இயற்பெயர் தீர்த்தகிரி. 1756-ல் காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் பிறந்தவர். மைசூருக்குப் போன வரிப் பணத்தை வழிமறித்துப் பறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை எடுத்துக்கொண்டதாகப் போய்ச் சொல் என்று வேடிக்கையாகச் சொல்லி அனுப்பினார். அதிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பது கொங்கு நாட்டுக் கதை. வரியைப் பறித்த அதே மனிதர் பிற்பாடு திப்புவின் பக்கம் நின்று கும்பெனியோடு போரிட்டார். வரி வாங்குகிறவனோடு சண்டை வேறு, நாட்டை வாங்க வருகிறவனோடு சண்டை வேறு என்று அவர் கண்டிருக்க வேண்டும்.

அவர் ஊர்களோ காவிரிக்கு அப்பால். அவரை ஏன் சங்ககிரிக்குக் கொண்டு வந்தார்கள்? இந்தக் கோட்டை 1792-லேயே, சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, பாராமகாலோடு சேர்ந்து கும்பெனியின் கைக்கு வந்துவிட்டது. காங்கேயம் இருந்த கோயம்புத்தூர்ச் சீமையோ 1799 மே 4-ல் திப்பு வீழ்ந்த பிறகுதான் வந்தது. 1805-ல் சங்ககிரி கும்பெனிக்குப் பதின்மூன்று வருஷத்துப் பழகிய இடம். நடுவில் ஆறு வேறு காவல். காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் தங்களைத் தோற்கடித்ததாக ஜனங்கள் பெருமை பேசிய ஒருவரை அவருடைய ஜனங்களின் நடுவில் தூக்கிலிட அவர்களுக்குத் துணிவு இல்லை என்றே நான் நினைக்கிறேன். ஒரு சமையற்காரன் காட்டிக்கொடுத்தான் என்று கதை. பிடித்துக் கொண்டுவந்து, சகோதரர்கள் பெரியதம்பி, கிலேதார் ஆகியோரோடு தூக்கிலிட்டார்கள். ஓடாநிலைக் கோட்டையை இடித்தார்கள்.

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில். சின்னமலை 1805-ல் இங்கே. இதோடு அடங்கிற்று என்று கும்பெனியார் நினைத்திருப்பார்கள். ஒரு வருஷம் முழுசாகவில்லை, 1806 ஜூலை 10-ல் வேலூரில் சிப்பாய்கள் எழுந்தார்கள்.

மருந்துக் கடை வாசலில் காத்து நிற்கும்போது இன்னொரு மனிதரும் ஞாபகத்துக்கு வந்தார். 1792 முதல் 1799 வரை கர்னல் ரீடின் கீழ் சேலம், பாராமகால் சீமையில் நிலவரிக் கணக்குப் பார்த்த தாமஸ் மன்றோ. பிற்காலத்தில் சென்னைக் கவர்னர் ஆனவர். அவருடைய தகப்பனார் கிளாஸ்கோ நகரத்து வியாபாரி. அமெரிக்கச் சுதந்திரப் போரில் வியாபாரம் நொடித்துப்போனவர். மகன் 1780-ல் பதினெட்டு வயதில் சென்னையில் வந்து இறங்கினார். ஊருக்குத் திரும்பியது 1808-ல். இருபத்தெட்டு வருஷம் அந்தத் தகப்பனாருக்கு மகன் என்பது மாதக்கணக்கில் கப்பலில் வந்த கடிதமும் அனுப்பிய பணமும்தான். மன்றோவுக்கு நடுவில் இரண்டு சமுத்திரம் இருந்தது. எனக்குச் சேலத்திலிருந்து ஒரு மணி நேரப் பஸ். நான் மட்டும் என்ன வாழ்கிறேன்? மாத்திரையும் பணமும்தானே அனுப்புகிறேன்!

கூட்டம் நன்றாகவே நடந்தது. அப்பாவின் மூன்று நாள் கணக்கைச் சொன்னபோது கைதட்டினார்கள். கடைசியில் ஒரு பையன் எழுந்தான். கல்லூரி மாணவன் போலிருந்தது.

"ஐயா, தேதி, உடன்படிக்கை எல்லாம் சொன்னீங்க. அன்னைக்கு இந்த ஊர் ஜனங்க என்ன செஞ்சாங்க? மலையடிவாரத்துல இருந்தவங்க பார்த்திருப்பாங்க இல்லீங்களா? அவங்க ஒண்ணும் சொல்லி வைக்கலீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று சமாளித்து உட்கார்ந்தேன். யாரைக் கேட்பது என்று யோசித்தபோதுதான் திண்ணை ஞாபகம் வந்தது.

ஒரு கணக்குப் பாருங்கள். என் அப்பா பிறந்தது 1938-ல். அவருடைய பாட்டனார் காலமானபோது அப்பாவுக்கு ஒன்பது வயது. பாட்டனாருக்கு எண்பதுக்கு மேல். ஆக, அவர் பிறந்தது 1865-ஐ ஒட்டி. அந்தப் பாட்டனாரைத் தோளில் போட்டு வளர்த்த அவருடைய பாட்டனார், 1805-ல் நடக்கத் தெரிந்த பிள்ளையாக இருந்திருப்பார். மூன்றே கிழவர்கள்! ஒருவர் பேச, ஒருவர் கேட்டிருந்தால், சின்னமலையைத் தூக்கிலிட்ட நாள் எங்கள் திண்ணை வரைக்கும் வந்திருக்கும். இருநூற்றிருபது வருஷம் என்றால் எட்டாத தூரம் போலத் தோன்றுகிறது. மூன்று பேர் என்றால் கைக்கு எட்டுகிற தூரம்தான்.

கண்ணாடியையும் மாத்திரையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அப்பா அதே திண்ணையில். கண்ணாடியை மாட்டிவிட்டுக் கேட்டேன்.

"அப்பா, உங்க பாட்டனார் சின்னமலையைப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காருங்களா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை.

"சொல்ல ஆரம்பிச்சாரு கண்ணு. இதே மாதிரி ஒரு ஆடிப் பதினெட்டு. இதே திண்ணை. 'எங்க பாட்டன் சின்னப் பையனா, அவரு அப்பன் தோள்மேல உட்கார்ந்துக்கிட்டு அன்னைக்குப் பார்த்தாராம்'னாரு. அந்நேரம் வேப்ப மரத்துல தூரி கட்டிட்டாங்க. பசங்க கூப்பிட்டாங்க. இருங்க தாத்தா, வந்து கேட்டுக்கறேன்னு ஓடிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எங்கே? பள்ளிக்கூடம், வேலை. அடுத்த ஆடிக்கு அவர் இல்லை."

தோள்மேல் உட்கார்ந்திருந்த பிள்ளை என்ன பார்த்தான்? கூட்டம் அழுததா, வாய் மூடி நின்றதா? தூக்கு மரம் எந்தப் பக்கம் இருந்தது? எழுபத்தெட்டு வருஷத்துக்கு முன் ஒரு தூரியின் அவசரத்தில் அது போய்விட்டது. எந்தத் தஸ்தாவேஜுக் கூடத்திலும் இனித் தேடி எடுக்க முடியாது. ஒன்பது வயதுப் பிள்ளையைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? காலையில் இருபது நிமிஷத்தில் எழுந்து ஓடியவனுக்கு வயது நாற்பத்தெட்டு. அவனைக் கூப்பிட்டது தூரிகூட அல்ல.

"எட்டரைக்கு உனக்கு பஸ்சில்லையா?" என்றார் அப்பா.

"காலையில் போறனுங்கப்பா. நீங்க உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

"எனக்கு என்ன தெரியும்? கோட்டையா, சண்டையா?"

"எது தெரியுமோ அது."

அண்ணி சாப்பாடு எடுத்து வைத்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. ஆடி முதல் தேதியில் அழிஞ்சில் குச்சியில் தேங்காயைச் செருகி, வெல்லமும் எள்ளும் பாசிப்பயறும் போட்டுச் சுட்டதைச் சொன்னார். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஆடிப் பெருக்குக்குக் குடகு மழையை மட்டும் பார்த்தால் போதாது, மதகையும் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் குறைப்பட்டதைச் சொன்னார். மலைமேல் சுனையில் ஒரு பஞ்ச வருஷத்திலும் தண்ணீர் இருந்தது என்று அவர் அம்மா சொன்னதைச் சொன்னார். இவற்றில் அரசர் இல்லை, தளபதி இல்லை. நான் சீட்டைத் திருப்பி, அதன் முதுகில் எழுதிக்கொண்டே வந்தேன். இடம் போதவில்லை. நோட்டீசை எடுத்தேன், அதில் காலையில் போட்ட கணக்கு இருந்தது.

அப்பா அதை வாங்கி, சரிசெய்த கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்தார்.

"இதையும் பத்திரமா வை கண்ணு. இன்னும் அறுபது எழுபது வருஷத்துல ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் நாலாம் தேதி ஆயிரும். அப்போ எவனாச்சும் பிழைன்னு சொல்லுவான். சொல்றதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல?"