சுரங்க ஊரில் ஒரு கோடை முகாம்

அழியவிருந்த ஓர் ஆட்டம் எப்படி மீண்டது என்பதை இன்று நாம் பார்ப்போம்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கறுப்பின மக்கள் திரளாக வாழ்ந்த பகுதி ஹார்லெம். அங்கே 1926-ஆம் ஆண்டில் சவோய் என்னும் பெரிய ஆடலரங்கம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் ஹார்லெமிலேயே சில மண்டபங்களில் மேடையில் ஆடுவோர் கறுப்பர். அமர்ந்து பார்ப்போர் வெள்ளையர். சவோயில் அந்த வேலி இல்லை. இரு நிறத்தாரும் ஒரே தளத்தில் ஆடினர். ஸ்விங் இசைக்கு இருவர் கைகோத்து ஆடும் 'லிண்டி ஹாப்' அங்கேதான் செழித்தது.

பின்னர் மக்களின் இசை விருப்பம் மாறிற்று. 1958-இல் சவோய் மூடப்பட்டது. புகழ்பெற்ற ஆட்டக்காரர் பிராங்கி மேனிங் தபால் ஊழியரானார். ஆட்டம் முதியவர்களின் நினைவில் மட்டுமே தங்கிற்று.

அதைத் தேடி வந்தவர்கள் யார்? கடல் கடந்த சுவீடன் நாட்டு இளைஞர்கள்! பழைய திரைப்படங்களில் கண்ட ஆட்டத்தைக் கற்க 1984-இல் நியூயார்க் சென்றனர். சவோயில் ஆடிய அல் மின்ஸ் என்பவரைக் கண்டுபிடித்தனர். அவர் சுவீடனுக்கே போய்க் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஆண்டு காலமானார். இளைஞர்கள் சற்றுத் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும்?

சுவீடனில் ஹெர்ரெங் என்றொரு சிற்றூர். அதன் இரும்புச் சுரங்கம் 1961-இல் மூடப்பட்டது. வேலை போனால் ஊர் எப்படி ஓய்ந்துவிடும் என்பது தோட்டத்து மக்களாகிய நமக்குத் தெரியும். அந்த ஊரில் 1982-இல் சிறிய அளவில் ஒரு கோடை ஆட்ட முகாம் தொடங்கியது. 1989 முதல் மேனிங் அங்கே கற்பித்தார். பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்தனர்.

முகாமில் சிலர் கூடாரத்திலும், சிலர் பள்ளிக்கூடத்திலும் படுத்துறங்கினர். வந்தவர்களிலேயே பலர் சமையல், துப்புரவு முதலிய வேலைகளை ஏற்றனர். வகுப்பில் துணையை மாற்றி மாற்றி ஆடுவது வழக்கம். அதனால் புதியவரும் தேர்ந்தவரும் கைகோத்தனர். மாலையில் எல்லோரும் ஓரிடத்தில் கூடி மறுநாள் செய்திகளைக் கேட்டனர். பிறகு விடியும்வரை ஆடினர்.

மேனிங் 2009-இல், தம் 94-ஆம் வயதில் மறைந்தார். அதற்குள் அவரிடம் கற்றவர்கள் பல நாடுகளில் ஆசிரியர்களாகிவிட்டனர்.

நேயர்களே, கட்டடம் இடிந்தாலும் கலை பிழைக்கும். ஆனால் தெரிந்தவர் இருக்கும்போதே போய்க் கேட்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை எவை? இன்றிரவே பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.