கமுதித் தீட்டும் கூடங்குளத்துப் பயமும்

கமுதிக்காரனுக்குத் தீட்டைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1897இல் நாடார்கள் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். கோயில் தீட்டாப்போச்சு என்று இராமநாதபுரம் ஜமீன்தார் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். தீட்டுக் கழிக்கிற சடங்குக்கும் பணம் கேட்டார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. அவர்களுக்கே இந்தக் கதியென்றால் சேரிச்சனத்தின் கதியைச் சொல்ல வேண்டுமா? எவர் கண்ணிலும் படாத, எந்தக் கருவியாலும் அளக்க முடியாத ஒன்றை நம்பித் தீர்ப்பு எழுதினார்கள். மேலே இருப்பவனின் பயம் சாஸ்திரமானது.

கீழே இருப்பவன் பயப்பட்டால்?

1988இல் இந்தியாவும் சோவியத் யூனியனும் கூடங்குளம் ஒப்பந்தம் போட்டன. 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா உலைகள் வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த இடிந்தகரை மீனவச் சனம், அவ்வாண்டே லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தது. நவம்பரில் நம் இராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாம் உலையைப் பார்த்துவிட்டு, பாதுகாப்பானது, பயம் வேண்டாம் என்றார். 2012இல் அந்தச் சனத்துக்கு ஆலோசனை சொல்ல பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்களை அனுப்பப்போவதாகச் செய்தி வந்தது. ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கும் பாய்ந்தது. அதாவது பயந்தவன் ஒன்று பைத்தியம், இல்லையென்றால் துரோகி.

அந்தச் சனம் கேட்டது என்ன? உலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கையைக் காட்டு என்றது. காட்டச் சொல்லி 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையமும் உத்தரவிட்டது. அணுமின் கழகம் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. அறிக்கையைப் பூட்டி வைத்துக்கொண்டு, "இவர்களுக்கு அறிவியல் தெரியாது" என்றால் என்ன நியாயம்? ஏட்டைத் தொடாதே என்று தள்ளி வைத்துவிட்டு, படிக்காதவன் என்று ஏசினார்களே, அதே நியாயம்தான்.

"அது அங்கிட்டுக் கெடக்கு, நமக்கென்னப்பா?" என்று நம்ம ஊர் டீக்கடையில் கேட்பார்கள். அவசரகாலத் திட்டமும் உலையைச் சுற்றி 16 கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. காற்றும் மழையும் அந்தக் கோட்டில் நிற்குமா? 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் வெடித்தது. அடுத்த நாள் மத்தியானம் வரை பக்கத்திலிருந்த பிரிப்யாத் ஊர்ச்சனத்தை வெளியேற்றவில்லை. மே முதல் நாள் கீவ் நகரில் ஊர்வலம் வழக்கம்போல நடந்தது. கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த பிள்ளைகளில் பலருக்குப் பிறகு தைராய்டு புற்றுநோய் வந்தது. 2000 கிலோமீட்டருக்கும் அப்பால், பிரிட்டனின் வேல்ஸ் மலைகளில் மழையோடு சீசியம் இறங்கியது. அங்கே ஆடு விற்பதற்கிருந்த கட்டுப்பாடு 2012இல்தான் முற்றிலும் நீங்கியது. கூடங்குளத்திலிருந்து கமுதி நேர்கோட்டில் 150 கிலோமீட்டர்தான். நாமும் ஆடு மேய்க்கிறவர்கள்.

ஃபுகுஷிமாவில் நடந்தது இன்னும் கொடுமை. கதிரியக்கம் எந்தப் பக்கம் போகுமென்று கணிக்கும் ஏற்பாடு அரசிடம் இருந்தது. கணிப்பு நமியே ஊர்ச்சனத்துக்கு வந்து சேரவில்லை. தப்பிக்க நினைத்து அவர்கள் ஓடிய சுஷிமா பக்கம்தான் கதிரியக்க மேகமும் போனது. அவர்கள் அறிவியல் தெரியாமல் அங்கே போகவில்லை. தெரிந்தவர்கள் வாய் திறக்காததால் போனார்கள்.

தீட்டு பொய். கதிரியக்கம் பொய்யல்ல, அளக்கலாம். அளக்கிற கருவி யார் கையில், அளந்ததை யாருக்குச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 2013 மே மாதம் உச்சநீதிமன்றம் உலைக்கு அனுமதி தந்தபோது, போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறும் சொன்னது. ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது. வழக்குகளோ பிறகும் பல ஆண்டுகள் இழுத்தன.

கமுதிச் சனம் கூடங்குளத்தை அங்கிட்டுக் கிடக்கிற ஊராக நினைக்க வேண்டாம். இடிந்தகரைப் பெண்கள் கேட்ட அறிக்கையை நாமும் கேட்போம். தமிழில் கேட்போம், கிராமசபையில் வாசிக்கச் சொல்லிக் கேட்போம்.