35 என்னும் எல்லை: பொதுத்தேர்வில் தேர்ச்சி அளவு மாறிய விதம்

சித்தன்னவாசல் குகைக்கோயிலின் ஓவியங்களை மகேந்திரவர்மன் காலத்தவை என்று முதலில் கருதிய அறிஞர்கள், மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் திருப்பணியைக் கூறும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டை ஆராய்ந்தபின் அவ்வபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டனர். மேற்பூச்சின் அடியில் அதற்கும் முந்திய பூச்சொன்று இருப்பதும் பின்னர்ப் புலப்பட்டது. ஒரே சுவரில் இருப்பதனாலேயே இரு காலத்துப் பூச்சுக்களை ஒன்றெனக் கொள்ளலாகாது என்பது சரித்திர ஆராய்ச்சியின் அரிச்சுவடி. அக்குன்றைச் சூழ்ந்த புதுக்கோட்டைச் சீமையின் பிள்ளைகள் எழுதும் பொதுத்தேர்வைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த எச்சரிக்கை நம்மை விட்டு அகன்றுவிடுகிறது. நூற்றுக்கு 35 என்னும் எண் நெடுங்காலமாக நிலைத்து நிற்பதைக் கண்டு, அதனால் அளக்கப்படும் கல்வியும் அவ்வாறே நிலைத்திருப்பதாக எண்ணி, ஆண்டுதோறும் மாவட்டங்களின் தேர்ச்சி விகிதங்களை அடுக்கி, முன்னேற்றமென்றும் வீழ்ச்சியென்றும் தீர்ப்புரைக்கிறோம். அத்தீர்ப்புக்குப் பிரமாணம் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பத்தாம் வகுப்பு அறிவியலையே எடுத்துக்கொள்வோம். எழுத்துத்தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என வகுத்து, முன்னதில் 20-உம் பின்னதில் 15-உம் பெற்றால் தேர்ச்சி என்று விதித்திருக்கின்றனர். கூட்டினால் 35 வருகிறது, கணக்கில் பிழையில்லை. ஆயின் 75-க்கு 20 என்பது நூற்றுக்கு 27-க்கும் குறைவு. 25-க்கு 15 என்பதோ நூற்றுக்கு 60. செய்முறை மதிப்பெண்ணில் காட்டப்படும் தாராளம் ஊரறிந்த விஷயமாதலால், அறிவியலில் பெறும் 35-உம் முழுவதும் எழுதியே பெறவேண்டிய கணிதத்தின் 35-உம் ஒரே தகுதியைக் குறிப்பனவல்ல. பன்னிரண்டாம் வகுப்பிலும், 1200 மதிப்பெண் 600 ஆகச் சுருங்கி, பாடந்தோறும் அகமதிப்பீட்டுக்குப் பத்து ஒதுக்கப்பட்டபோது, விகிதம் அப்படியே இருக்க, அளவு இடம் பெயர்ந்தது.

2019-20 முதல் பத்தாம் வகுப்பில் மொழிப்பாடத்தின் இரு தாள்களும் ஒன்றாக்கப்பட்டன. அவ்வாண்டுத் தேர்வோ பெருந்தொற்றினால் நடைபெறவே இல்லை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைக்கு 20 விழுக்காடும் கொண்டு மதிப்பெண் வழங்கினர். 2021-இல் தேர்வின்றியே அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவித்தனர். 2022-இல் குறைக்கப்பட்ட பாடப்பகுதியிலிருந்து வினாக்கள் அமைந்தன. நெருக்கடியில் இவை நியாயமான முடிவுகளே. அவற்றை நான் குறைகூறவில்லை. ஆனால் இவ்வாண்டுகளின் விகிதங்களை ஏனைய ஆண்டுகளோடு ஒரே கோட்டில் நிறுத்தி வரைபடம் வரைவது எவ்வகையில் நியாயம்?

அளவு மாறுதல் தன்னளவில் தீமையன்று. பாடத்திட்டம் புதுமை பெறும்போது அதுவும் மாறியே தீரும். இவ்விடர் நமக்கு மட்டும் உரியதுமன்று: 2017-இன் தேசிய அடைவு ஆய்வு 3, 5, 8-ஆம் வகுப்புகளைச் சோதிக்க, அதன் வழிவந்த 2024-இன் பரக் ஆய்வு 3, 6, 9-ஐச் சோதித்தது. ஆனால் அங்கே வகுப்பின் வேறுபாடாவது வெளிப்படையாகக் கண்ணிற்படுகிறது. நமது பொதுத்தேர்விலோ மாறாத எண்ணொன்று மாற்றத்தை மறைத்துவிடுகிறது.

பரிகாரம் எளிதன்று. பழைய வினாக்கள் சிலவற்றை மீண்டும் வைத்து ஒப்பிடலாமென்றால், பொதுத்தேர்வு வினாத்தாள் மறுநாளே பயிற்சி நூலாகிவிடுகிறது; ஆகையால் அம்முறை, வினாக்களை வெளியிடாமல் காக்கக்கூடிய மாநில அடைவுத் தேர்வுக்கே பொருந்தும். பொதுத்தேர்வுக்கு உகந்த வழி வேறு: எல்லைக்கோட்டில் தேறிய மாணவரின் விடைத்தாள்களில் ஒரு பகுதியைப் பெயர் நீக்கிப் பாதுகாத்து, பத்தாண்டு கழித்து, ஆண்டைத் தெரிவிக்காமல் புதிய மதிப்பீட்டாளரிடம் கலந்து கொடுத்து, 35 பெற்றவன் உண்மையில் எதை எழுத வல்லவனாயிருந்தான் என்று எழுதி வாங்கவேண்டும்.