திண்ணைப் பள்ளியும் மனப்பாடத்தின் மேல் விழுந்த பழியும்

மனப்பாடம் என்பது இன்று ஏறக்குறைய வசைச்சொல்லாகிவிட்டது. பொருள் விளங்காமல் உருப்போட்டு, தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு, மறுவாரமே மறந்துபோவதை அந்தச் சொல்லால் குறிக்கிறோம். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் திண்ணைப் பள்ளிக்கூடத்தைக் கைகாட்டுவதும் வழக்கமாகிவிட்டது. ஓலைச்சுவடியும் பிரம்பும் ஓயாத ஒப்பிப்புமாக இருந்த அந்தப் பழைய பள்ளியின் மிச்சம்தான் நம் தேர்வு வெறி என்று கல்வி பேசுகிறவர்கள் பலர் நம்புகிறார்கள். இந்த வம்சாவளி தவறானது என்பது என் கருத்து. திண்ணையில் நடந்த மனப்பாடம் ஒன்று, இன்றைய உருப்போடல் வேறொன்று. இரண்டையும் பிரித்துக் காட்டும் கோட்டைக் கடந்த 140 ஆண்டு உளவியல் ஆய்வு தெளிவாகவே வரைந்திருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்க்காமல் திண்ணையைப் போற்றுவதும் தூற்றுவதும் ஒரே அளவுக்குப் பிழையாகின்றன.

திண்ணையில் என்ன நடந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிள்ளை மணலைப் பரப்பி விரலால் எழுத்தை வரைவான். வரையும்போதே அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்வான். அரிச்சுவடி முடிந்தபின் எண்சுவடி. முழு எண்களோடு அது நிற்கவில்லை. முந்திரி என்னும் 320-இல் ஒரு பங்கு, மாகாணி என்னும் 16-இல் ஒரு பங்கு, அரைக்கால், கால் என்று கீழ்வாய் இலக்கங்கள் நீண்டன. நெல் அளவைக்கும் பொன் நிறுவைக்கும் நிலத்தின் குழிக் கணக்குக்கும் தனித்தனி வாய்பாடுகள் இருந்தன. ஓலை அரிது, எழுத்தாணி பிடிக்கப் பழகுவது மெல்ல நடக்கும் வேலை. ஆகவே கற்றதில் பெரும்பகுதி பார்க்க ஏடு இல்லாமலே நினைவிலிருந்து வெளிவந்தாக வேண்டியிருந்தது. ஒருவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொருவனும் உபாத்தியாயரிடமோ, மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையிடமோ தனியாக ஒப்பிப்பான். உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் தம் இளமைக்காலப் பள்ளியைப் பற்றி எழுதும்போது ஒரு வழக்கத்தைப் பதிவு செய்கிறார். மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது பூ, மிருகம், பட்சி, ஊர் இவற்றின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். மறுநாள் காலையில் அவற்றை நினைவிலிருந்து சொல்ல வேண்டும். பார்வைக்கு விளையாட்டுப் போன்ற இந்தச் சிறு வழக்கம்தான் திண்ணைக் கல்வியின் உள்ளமைப்பை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டுகிறது. கற்றதற்கும் சொல்வதற்கும் நடுவே ஓர் இரவு இருக்கிறது. திரும்பப் பார்த்துக்கொள்ள எதுவும் கையில் இல்லை. கேட்பதற்கு ஒருவர் காத்திருக்கிறார்.

இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அளந்து பார்க்கும் முயற்சி ஜெர்மனியில் தொடங்கியது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, தன்னையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு, நினைவைப் பற்றிய நூலை 1885-இல் வெளியிட்டார். 12 அசைகள் கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் 68 முறை அடுத்தடுத்துச் சொன்னதற்கு இணையான பலன், அதை மூன்று நாள்களுக்குப் பரப்பி 38 முறை சொன்னபோதே அவருக்குக் கிடைத்தது. உழைப்பில் ஏறக்குறைய பாதி மிச்சம். 1917-இல் ஆர்தர் கேட்ஸ் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு இன்னொரு கேள்வியைச் சோதித்தார். படிக்கக் கொடுத்த நேரம் எல்லோருக்கும் ஒன்றே. அதில் எவ்வளவு பங்கைப் பார்த்துப் படிப்பதிலும் எவ்வளவு பங்கைப் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பதிலும் செலவிட வேண்டும்? நேரத்தின் பெரும்பகுதியைச் சொல்லிப் பார்ப்பதில் கழித்தவர்களுக்கே நினைவு அதிகம் நின்றது. 1939-இல் ஹெர்பர்ட் ஸ்பிட்சர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேரிடம் நடத்திய ஆய்வும் அதே திசையில்தான் போனது: படித்த சற்று நேரத்துக்குள் கேள்வி கேட்கப்பட்டவர்கள் வெகுநாள் கழித்தும் மறக்காமல் இருந்தார்கள். ஒப்பித்தல் என்பது கற்றுமுடிந்ததா என்று பார்க்கும் சோதனை மட்டும் இல்லை; கற்றல் நடப்பதே அதில்தான் என்பது இந்த ஆய்வுகள் சேர்ந்து சொல்லும் செய்தி.

ஆய்வுக்கூடத்து முடிவுகளை எடுத்துக்கொண்டு 200 ஆண்டுக்கு முந்தைய திண்ணையை அளப்பது நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான தடைதான். திண்ணைப் பிள்ளைகள் எத்தனை நாள் எதை நினைவில் வைத்திருந்தார்கள் என்று அக்காலத்தில் யாரும் எண்ணி வைக்கவில்லை. உபாத்தியாயர்கள் ஓர் உளவியல் கோட்பாட்டைத் தெரிந்து செயல்பட்டார்கள் என்றும் நான் சொல்லவரவில்லை. ஏட்டுப் பஞ்சம் அவர்களை அந்த வழியில் தள்ளியது. கருவி இல்லாத இடத்தில் நினைவே கருவியாக வேண்டியிருந்தது. ஆனால் ஒரு முறை எந்தக் காரணத்தால் பிறந்தது என்பது வேறு, அது எப்படி வேலை செய்கிறது என்பது வேறு. மனித நினைவின் இந்த அடிப்படை இயல்பு எபிங்ஹவுஸின் பெர்லினில் ஒருவிதமாகவும் தஞ்சாவூரில் இன்னொரு விதமாகவும் இருந்திருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இந்தத் திண்ணை முறையைத் தங்கள் கண்ணால் கண்டு வியந்த வெளிநாட்டார் இருந்தார்கள். இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே 1623-இல் கன்னட நாட்டு இக்கேரியில், ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் தரையில் மணலைத் தூவி, இராகத்தோடு சொல்லிக்கொண்டே விரலால் கணக்கு எழுதுவதைப் பார்த்தார். ஆசிரியர் யாரும் பக்கத்தில் இல்லை. சந்தேகம் வந்தால் யார் திருத்துவார் என்று அவர் கேட்டபோது, ஒரே இடத்தில் நால்வருக்கும் ஒருசேரத் தடுமாற்றம் வராது என்று பிள்ளைகள் பதில் சொன்னார்களாம். தென்னாட்டுத் திண்ணைகளில் அதே முறை நெடுங்காலம் தொடர்ந்தது. 1789 முதல் சென்னை எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதிக்குக் கொண்டுவந்தார். அவருடைய உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்க மறுத்தபோது, ஏறத்தாழ எட்டு வயதே ஆன ஜான் ஃப்ரிஸ்கன் என்ற மாணவனிடம் ஒரு வகுப்பை ஒப்படைத்தார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூல் வழியாக, மாணவனே மாணவனுக்குச் சொல்லித்தரும் இந்த ஏற்பாடு ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த மெட்ராஸ் கல்லூரி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் பள்ளியாக நடக்கிறது. பெல்லுக்கும் அவருடைய போட்டியாளர் லங்காஸ்டருக்கும் இந்த முறையின் பெருமை அதன் மலிவில் இருந்தது: ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானவர்களை ஓட்டிவிடலாம். 1823-இல் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றி எழுதிய அறிக்கை இன்னும் கூர்மையானது. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும்போது தன் அறிவையே உறுதிப்படுத்திக்கொள்கிறான் என்பதை அவர் கவனித்து எழுதினார். சட்டாம்பிள்ளை என்ற ஏற்பாட்டின் உட்பொருளைப் பெல்லைவிடக் கேம்ப்பெல்தான் பிடித்துவிட்டார் என்று தோன்றுகிறது.

அதே கேம்ப்பெல்தான் மிகக் கடுமையான குறையையும் சொன்னார். பிள்ளைகள் தங்களுக்கு விளங்காத செய்யுள் நடையில் பாட்டுப் பாட்டாக நெட்டுருப் போடுகிறார்கள். பொருள் தெரியாமலே பள்ளியை விட்டுப் போகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. இதை மறுக்க முடியாது. ‘வயது வந்தபின் பொருள் தானே விளங்கும்’ என்ற சமாதானம் படிப்பைத் தொடர்ந்த சிலருக்கே பொருந்தும். மனப்பாடம் மூளைக்குப் பயிற்சி, அது நினைவாற்றலையே வலுப்படுத்தும் என்ற இன்னொரு சமாதானமும் ஆய்வில் நிற்கவில்லை. வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட தம் உளவியல் நூலில், நாள்தோறும் செய்யுள் மனனம் செய்தும் புதிய செய்யுளை மனனம் செய்யும் வேகம் கூடவில்லை என்று தாமே செய்து பார்த்ததை எழுதினார். உளவியலாளர்கள் தார்ண்டைக்கும் உட்வொர்த்தும் 1901-இல், ஒன்றில் பெற்ற பயிற்சி மற்றொன்றுக்குத் தாராளமாகப் பாய்வதில்லை என்று காட்டினார்கள். ஆகவே நிகண்டு என்னும் செய்யுள் அகராதியை உருவேற்றியவனுக்கு நிகண்டுதான் கிடைத்தது, பொதுவான நினைவாற்றல் கிடைக்கவில்லை. ஆனால் கணக்கின் கதை வேறு. மாகாணி வாய்பாடு தெரிந்த பிள்ளை அதே ஊரில் நெல் அளப்பதையும் வட்டி கணக்கிடுவதையும் நிலம் அளப்பதையும் பார்த்து வளர்ந்தான். வாயில் இருந்ததற்குக் கண்முன்னே பயன் இருந்தது. பிரேசிலின் ரெசிஃபி நகரச் சந்தையில் வேலை செய்த சிறுவர்களை 1985-இல் ஆராய்ந்தபோது, வியாபாரத்தில் வாய்க்கணக்காக நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னவர்கள், அதே வகைக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்ததும் 37-க்கு இறங்கிவிட்டார்கள். நினைவும் பயனும் ஒட்டியிருக்கும்போது நடப்பது இதுதான். கேம்ப்பெலின் குறை திண்ணையின் செய்யுள் பாடத்துக்கு முழுதாகப் பொருந்தும், எண்சுவடிக்குப் பாதிகூடப் பொருந்தாது.

பிரம்பைப் பற்றிப் பேசாமல் திண்ணையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும் என்று கேம்ப்பெலின் அறிக்கை சொல்கிறது. கடைசியில் வருபவன் வகுப்பிலிருக்கும் தலைகளின் கணக்குப்படி அடி வாங்குவான். உத்தரத்தில் கயிற்றைக் கட்டிப் பிள்ளையைத் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது. அடி இல்லாவிட்டால் பாடம் ஏறாது என்று அக்காலப் பெற்றோரே நம்பினார்கள். இந்த நம்பிக்கையை உளவியல் ஆதரிக்கவில்லை. சரியான விடைக்குக் கிடைக்கும் பாராட்டு அந்த விடையை உறுதிப்படுத்தும் அளவுக்குத் தவறான விடைக்குக் கிடைக்கும் தண்டனை அந்தத் தவற்றை அழிப்பதில்லை என்று தார்ண்டைக் 1930-களில் தம் பழைய கொள்கையையே திருத்திக்கொண்டார். திண்ணைப் பிள்ளை கற்றது அடியால் அல்ல, அடியையும் மீறித்தான் என்றே நான் கருதுகிறேன். தாத்தா காலத்துப் பிள்ளைகள் அடிவாங்கித்தான் உருப்பட்டார்கள் என்று இன்றும் சொல்பவர்கள், ஒப்பித்தல், அடி என்று அருகருகே இருந்த இரண்டில் ஒன்றின் பலனை மற்றொன்றுக்கு வரவு வைக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை, திண்ணை யாருக்குத் திறந்திருந்தது என்பது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டு, 1826-இல் தொகுத்த குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. மக்கள்தொகை 1,28,50,941. பள்ளிகளில் படித்தவர்கள் ஏறத்தாழ 1,88,000 பேர். பெண்கள் மிகச் சிலரே என்பதை மன்றோவே குறிப்பிட்டார். இந்தக் கணக்கைக் காந்தியவாதி தரம்பால் 1983-இல் நூலாக வெளியிட்டபோது, மாணவர்களில் பெரும்பகுதி பிராமணரல்லாதார் என்பது பலருக்கு வியப்பாக இருந்தது. உண்மைதான், நாம் நினைத்ததைவிடத் திண்ணை அகலமாக இருந்தது. ஆனால் தீண்டாமைக்கு ஆளான சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது எட்டாத உயரத்தில்தான் இருந்தது. அதன் கற்பிக்கும் முறையைப் பாராட்டுவதற்காக அந்த வாசலை மறைக்கக் கூடாது. மிஷன் பள்ளியும் பிறகு அரசுப் பள்ளியும் அந்த வாசலைத் திறந்தன. அந்தப் பெருமையில் ஒரு துளியையும் அவற்றிடமிருந்து எடுக்க நான் விரும்பவில்லை.

ஆனால் அதே பள்ளிகள் வழியாகத்தான் இன்றைய உருப்போடலும் வந்தது. 1854-இல் இந்தியக் கல்வியைப் பற்றிய உட் அறிக்கை, 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம், அதன் மெட்ரிகுலேஷன் தேர்வு, தேர்ச்சிக் கணக்கைப் பார்த்துப் பள்ளிக்கு மானியம் கொடுக்கும் ஏற்பாடு எல்லாம் சில பத்தாண்டுகளுக்குள் அடுத்தடுத்து வந்தன. அச்சிட்ட பாடநூல் பிள்ளையின் கையிலேயே இருந்ததால், பார்க்காமல் சொல்ல வேண்டிய தேவை அன்றாடம் எழவில்லை. சோதனை ஆண்டுக்கொரு முறை வந்தது. அதற்கு முந்தைய இரவுகளில் திரும்பத் திரும்பப் படிப்பதே புத்திசாலித்தனமான வழியாயிற்று. அது ஏன் புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் காட்டினார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்து மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழாயிற்று: படித்தவர்களிடம் 40, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. ஐந்து நிமிட வெற்றியை மட்டுமே அளக்கும் தேர்வு, அந்த வெற்றியைத் தரும் பழக்கத்தையே வளர்க்கும். திண்ணையின் மீது நாம் சுமத்தும் பழி உண்மையில் இந்த ஏற்பாட்டுக்கு உரியது. தேர்வு என்ற சொல் இன்று இவ்வளவு அச்சத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் அதன் எண்ணிக்கையாலன்று, ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிவு செய்யும் அதன் தன்மையால்தான். மதிப்பெண் இல்லாமல் நாள்தோறும் கேட்கப்படும் கேள்விக்கு அந்த அச்சம் இருக்க வேண்டியதில்லை.

திண்ணைகள் ஒரே நாளில் மூடப்படவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பல ஊர்களில் இரண்டு முறைகளும் அருகருகே நடந்தன. ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை மாகாணி வாய்பாட்டுக்குக் கடைத்தெருவில் மதிப்பு இருந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் 100 நயா பைசாவாகப் பிரிந்தது. மெட்ரிக் அளவைகளும் படிப்படியாக வந்தன. முந்திரிக்கும் மாகாணிக்கும் வேலை போயிற்று. எண்சுவடி கைவிடப்பட்டதில் வருந்த எதுவுமில்லை, அதன் கணக்குகள் அளந்த உலகமே மாறிவிட்டது. ஆனால் பாடம் பழையது என்பதற்காக, அதைக் கற்பித்த முறையும் பழையது என்று முடிவு கட்டப்பட்டது. 2013-இல் டன்லாஸ்கியும் கூட்டாளிகளும் மாணவர்கள் கையாளும் பத்துக் கற்றல் வழிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார்கள். திரும்பப் படிப்பதும் வண்ணக்கோடு இடுவதும் கீழ்வரிசைக்குப் போயின. உயர்ந்த பயன் என்ற மதிப்பு இரண்டுக்கு மட்டுமே கிடைத்தது: பார்க்காமல் தன்னையே சோதித்துக்கொள்வது, கற்றலை நாள்களுக்குப் பரப்பிக்கொள்வது.