குப்பைக்குப் போட்ட தண்டவாளம்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பையனுக்கு ஒரே வேலை. செம்பூர் பக்கம் போய் கூட்ஸ் வண்டி பார்க்கணும். டிராம்பே போகும் டேங்கர் வேகன்களை விரல் விட்டு எண்ணுவான். பேங்க்காரன் பிள்ளை, கணக்கு தப்பாது!

இந்தப் பக்கத்து ரயிலுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. அதையொட்டிய வருடங்களில், ஊர்க் குப்பையைக் கொட்ட செம்பூர் சதுப்பு நிலத்தை மாநகராட்சி வாங்கியது. குர்லாவிலிருந்து இங்கே 1906-ல் தண்டவாளம் போட்டதே குப்பை வண்டிக்காகத்தான். பயணிகள் ஏறியது 1924-ல். 1954, 55-ல் டிராம்பேயில் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தபின் எண்ணெய் டேங்கர்களும் ஓட ஆரம்பித்தன. நம்மவர்கள் பலர் இங்கே குடிவந்ததும் இந்த ரயிலை நம்பித்தான்.

ஊரில் சொந்தக்காரர்கள், "செம்பூரா? நம்ம ஆளுங்க இடமாச்சே" என்பார்கள். நமக்கு முன்னால் வந்தது குப்பை என்று யாரும் சொல்வதில்லை.

போன வாரம் பையனுக்கு இதைச் சொன்னேன்.

"இப்போ அந்தக் குப்பை எங்கேப்பா?"

"தேவ்னார்ல மலையா நிக்குது. 2016-ல தீப்பிடிச்சு ஊரே புகை."

"அது நம்ம பக்கத்துலதானே?"

எனக்குப் பதில் வரவில்லை. அதற்குள் அடுத்த கூட்ஸ் வந்துவிட்டது.