பத்துப் பேரா, நூற்றைம்பது பேரா?

மென்பொருள் துறையில் இருபது வருடங்களுக்கு மேல் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தத் தொழிலில் என்னை அதிகம் திணறடித்தது எந்த அல்காரிதமும் இல்லை. "எவ்வளவு நாள் ஆகும்?" என்ற கேள்விதான்.

2000-களின் நடுவில் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நான் லீட். பழைய கணக்கு வழக்கு சிஸ்டம் ஒன்றைப் புதிதாக எழுதித் தரவேண்டும். இரண்டு வாரம் உட்கார்ந்து, எக்செல்லில் வரிவரியாகக் கணக்குப் போட்டு, ஒன்பது மாதம் என்று சொன்னேன். மேனேஜர் அந்த ஷீட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "கஸ்டமர்கிட்ட ஆறு மாசம்னு சொல்லியாச்சுப்பா. நாலு பேரை எக்ஸ்ட்ரா தர்றேன், முடிச்சிரு" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பதினான்கு மாதம் ஆனது. கடைசி ஐந்து மாதம் சனி, ஞாயிறு கிடையாது. குழுவில் இருந்த இரண்டு நல்ல பசங்க வேலையை விட்டுப் போனார்கள். அதில் ஒருவன் போகும்போது, "அண்ணா, ஆறு மாசத்துல முடியாதுன்னு உங்களுக்கு முதல்லயே தெரியும்தானே?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து இரண்டு கேள்விகள் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தன. மேனேஜரின் ஆறு தப்பு, சரி. ஆனால் நான் கவனமாகப் போட்ட ஒன்பதும் ஏன் தப்பானது? இரண்டாவது, தப்பு என்று தெரிந்த ஆறுக்கு நான் ஏன் தலையாட்டினேன்? பதில் தேடிப் படித்ததில் நான் போய் நின்ற இடம் 1964.

ஐபிஎம் போட்ட பந்தயம்

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அதுவரை ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக நிரல் எழுதவேண்டும். பெரிய கணினிக்கு மாறினால் எல்லாவற்றையும் திரும்ப எழுதவேண்டும். இனி அப்படி இல்லை, சின்னதில் ஓடுவது பெரியதிலும் ஓடும் என்றது ஐபிஎம். மொத்தத் திட்டத்துக்கும் 500 கோடி டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. கம்பெனியையே பணயம் வைத்த பந்தயம் அது.

வன்பொருள் ஒருவழியாக வந்துவிட்டது. சிக்கல் வந்தது அதை ஓட்டவேண்டிய ஓஎஸ்/360 என்ற இயங்குதளத்தில். சிஸ்டம்/360-ன் வன்பொருள் உருவாக்கத்தை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸையே 1964-ல் இதற்கும் பொறுப்பாகப் போட்டார்கள். அப்போது அவர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்.

உச்சக்கட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் இதில் வேலை செய்தார்கள். நிரலாளர்கள் மட்டுமல்ல, ஆவணம் எழுதுபவர்கள், ஆபரேட்டர்கள், எழுத்தர்கள், மேலாளர்கள் எல்லாரும் சேர்த்து. 1963 முதல் 1966 வரை சுமார் 5000 ஆள்-வருடங்கள் இதில் போயிருக்கும் என்பது ப்ரூக்ஸின் கணக்கு. அப்படியும் தாமதம். திட்டமிட்டதைவிட அதிக நினைவகம் தேவைப்பட்டது. செலவு மதிப்பீட்டைப்போலப் பல மடங்கு ஆனது. முதலில் வந்த பதிப்புகள் சுமாராகத்தான் ஓடின. பெரிய தளம் வந்து சேராத நிலையில், சிறிய கணினிகளுக்காக டாஸ்/360 என்று தனியாக ஒன்றை 1966-ல் கொடுத்துச் சமாளிக்கவேண்டி வந்தது.

ப்ரூக்ஸ் 1965-லேயே ஐபிஎம்மை விட்டு, சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஆனால் ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் கேட்ட ஒரு கேள்வி அவரை விடவில்லை: வன்பொருளைவிட மென்பொருள் வேலையை நிர்வகிப்பது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? அதற்கான பதிலாகத்தான் 1975-ல் 'தி மித்திக்கல் மேன்-மந்த்' என்ற புத்தகத்தை எழுதினார். பத்து வருடம் கழித்து எழுதிய பதில்.

தாமதமான ப்ராஜெக்டும் புது ஆட்களும்

அந்தப் புத்தகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது. இதற்குப் பின்னால் இருப்பது பள்ளிக்கூடக் கணக்குதான். ஐந்து பேர் ஒருவரோடொருவர் பேசவேண்டுமென்றால் 10 ஜோடிகள். பத்துப் பேர் என்றால் 45. நூற்றைம்பது பேர் என்றால் 11,175. புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க, ஏற்கெனவே வேலை தெரிந்தவர்தான் தன் வேலையை விட்டுவிட்டு உட்காரவேண்டும். நெல் அறுக்க நாலு ஆள் கூடுதலாக வந்தால் நாலு ஆள் வேலை நடக்கும். நிரல் எழுதுவது அப்படியில்லை. எனக்குத் தந்த அந்த 'எக்ஸ்ட்ரா' நாலு பேரும் முதல் இரண்டு மாதம் எங்கள் நேரத்தைத்தான் செலவழித்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்த விதி இல்லை. அதே புத்தகத்தில் ப்ரூக்ஸ் தன்னைப்பற்றிச் சொல்லும் ஒரு சம்பவம்.

ஓஎஸ்/360-ன் விவரக்குறிப்பை, அதாவது அது என்னென்ன செய்யவேண்டும் என்பதை, எழுதவேண்டிய கட்டம். கட்டமைப்புக் குழுவின் மேலாளரிடம் பத்து நல்ல ஆட்கள் இருந்தார்கள். "நாங்கள் ஒழுங்காக எழுதித் தருகிறோம், ஆனால் பத்து மாதம் ஆகும்" என்றார் அவர். அட்டவணையில் இருந்ததைவிட மூன்று மாதம் அதிகம். இன்னொரு மேலாளரிடம் 150 பேர். குறித்த நேரத்தில் முடித்துவிடுவோம், இல்லாவிட்டால் என் 150 பேரும் பத்து மாதம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்றார். முதலாமவர் எச்சரித்தார்: அவர்களிடம் கொடுத்தாலும் மூன்று மாதம் தாமதம்தான் ஆகும், தரமும் குறையும்.

ப்ரூக்ஸ் 150 பேரிடம் கொடுத்தார். எச்சரித்தவர் சொன்ன இரண்டுமே நடந்தன. இந்த முடிவால் பிழை திருத்தும் காலம் மட்டும் ஒரு வருடம் கூடியிருக்கும் என்று ப்ரூக்ஸே எழுதுகிறார். பல மில்லியன் டாலர் தவறு என்று ஒத்துக்கொள்கிறார்.

இதை முதல்முறை படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ப்ரூக்ஸுக்குத் தகவல் இல்லாமல் இல்லை. சரியான எண் மேஜைமேல் இருந்தது. அவர் வேறு எண்ணை எடுத்தார், ஏனென்றால் அது கேட்க நன்றாக இருந்தது, அட்டவணைக்குள் அடங்கியது. என் மேனேஜர் செய்ததும் அதுதான். தலையாட்டியதன் மூலம் நான் செய்ததும் அதுதான்.

ஆறு மாதம் என்பது மதிப்பீடே இல்லை, ஆசை. எப்போது முடியும் என்பது வேறு, எப்போது வேண்டும் என்பது வேறு, எப்போது தருவதாக வாக்குக் கொடுக்கிறோம் என்பது வேறு. மூன்றுக்கும் ஒரே எக்செல் கட்டத்தை ஒதுக்கியதில்தான் பாதிப் பிரச்சினை.

என் ஒன்பது எங்கே தப்பியது?

இதற்கான விடையும் ப்ரூக்ஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் ஐசிஎல் நிறுவனத்தில், மான்செஸ்டரில், சார்ல்ஸ் போர்ட்மேன் என்ற மேலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அவருடைய குழுக்கள் கவனமாக மதிப்பிட்டாலும், ஒவ்வொரு வேலையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. எல்லாரையும் தினசரிக் குறிப்பு எழுதச் சொன்னார். வார வேலைநேரத்தில் பாதிதான் உண்மையில் நிரல் எழுதவும் பிழை திருத்தவும் போயிருந்தது. மீதிப் பாதி, இயந்திரம் பழுது, நடுவில் வந்த அவசர வேலை, மீட்டிங், காகித வேலை, காய்ச்சல், சொந்த வேலை ஆகியவற்றுக்குப் போயிருந்தது. வேலையின் அளவை அவர்கள் ஓரளவு சரியாகத்தான் கணித்திருந்தார்கள். ஒரு வாரத்தில் எவ்வளவு வாரம் இருக்கிறது என்பதில்தான் கோட்டை விட்டார்கள்.

என் பழைய எக்செல் ஷீட்டை நினைத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தேன். தீபாவளி, பொங்கல்கூட அதில் இல்லை. டெஸ்டிங்குக்குக் கடைசியில் மூன்று வாரம். ப்ரூக்ஸின் அனுபவக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிட, ஆறில் ஒரு பங்கு கோடிங், மீதிப் பாதி முழுக்கச் சோதனைக்கு.

பிறகு 1981-ல் பாரி போம், டிஆர்டபிள்யூ நிறுவனத்தின் 63 திட்டங்களின் தரவை வைத்து கொக்கோமோ என்ற மதிப்பீட்டு முறையை வெளியிட்டார். சூத்திரங்களைவிட அதில் எனக்குப் பிடித்தது ஒரு நேர்மை. ஒரு திட்டம் வெறும் யோசனையாக இருக்கும்போது போடும் மதிப்பீடு, மேலேயும் கீழேயும் நான்கு மடங்கு வரை தப்பலாம் என்கிறார். அந்த நிலையில் ஒற்றை எண்ணைக் கேட்பதும் தப்பு, சொல்வதும் தப்பு.

மேஸ்திரியின் கணக்கு

உளவியலாளர் டேனியல் கானமன் சொல்லும் கதை இன்னும் சுவாரசியம். 1970-களில் இஸ்ரேலில் ஒரு பாடநூல் எழுதும் குழுவில் அவர் இருந்தார். எப்போது முடியும் என்று கேட்டபோது எல்லாரும் இரண்டு வருடத்தை ஒட்டியே சொன்னார்கள். பாடத்திட்டத்தில் அனுபவமுள்ள ஒருவரும் அதையேதான் சொன்னார். பிறகு அவரிடமே, இதுபோன்ற மற்ற குழுக்களுக்கு எவ்வளவு ஆனது என்று கேட்டார் கானமன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: சுமார் 40 சதவீதம் குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழு முதல் பத்து வருடம். பதில் அவர் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறது, அதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. தெரிந்த பிறகும் குழு வேலையை நிறுத்தவில்லை. எட்டு வருடம் ஆனது. கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் இந்த மயக்கத்தைத் திட்டமிடல் பிழை என்றார்கள்.

நம் ஊர் கொத்தனார் மேஸ்திரியிடம் வீட்டு வரைபடத்தைக் காட்டினால் அவர் செங்கலை எண்ணமாட்டார். சதுர அடிக்கு இவ்வளவு என்பார். எங்கிருந்து வருகிறது அந்த எண்? போன வருடம் கட்டிய வீடுகளிலிருந்து. கானமன் சொல்லும் மருந்தும் இதுதான். அப்படியும் வீடு தாமதமாகும், நாம் பாதியில் ஜன்னலை இடம் மாற்றச் சொல்வோம். வீட்டைக் கட்டிப்பார் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனாலும் அவர் கணக்கு என் எக்செல்லைவிட நேர்மையானது.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. உண்மையான செலவு முன்பே தெரிந்திருந்தால் ஐபிஎம் ஓஎஸ்/360-ஐத் தொடங்கியிருக்குமா? சிஸ்டம்/360 பெரிய வெற்றிதானே? வெற்றிதான். ஆனால் மதிப்பீடு பல மடங்கு தப்பினாலும் தாங்க ஐபிஎம்மிடம் பணம் இருந்தது. எங்களிடம் சனி, ஞாயிறுதான் இருந்தது. பொய்யான எண்ணின் விலையை அதைச் சொன்னவர் பெரும்பாலும் கொடுப்பதில்லை.

இப்போது நான் மூன்று காரியங்கள் செய்கிறேன். முடித்த ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பீடு என்ன, ஆனது என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் என்று கணக்குப் போடுகிறேன். ஒற்றை எண் சொல்லாமல், "ஏழிலிருந்து பன்னிரண்டு மாசம், வடிவமைப்பு முடிஞ்சதும் சுருக்கிச் சொல்றேன்" என்கிறேன்.

நாலாவது ஒன்று உண்டு, அதுதான் கஷ்டம். நல்ல மதிப்பீட்டு முறைகள் வரும்வரை, மேலாளர்கள் முதுகெலும்போடு தங்கள் எண்ணைக் காத்து நிற்கவேண்டும் என்கிறார் ப்ரூக்ஸ். நம் குத்துமதிப்பு, அடுத்தவர் ஆசையைவிட மேல் என்கிறார். அதை எழுத அவருக்குப் பத்து வருடம் ஆனது. எனக்கும் ஏறக்குறைய அவ்வளவு ஆனது. போன வருடம் ஒரு மீட்டிங்கில் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். "வேலையைக் குறைச்சா நாளைக் குறைக்கலாம் சார். நாளை மட்டும் குறைக்க முடியாது" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பட்டியலை எடுத்து, எதை விடலாம் என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்தத் தம்பி இப்போது எங்கே வேலை பார்க்கிறான் என்று தெரியவில்லை. ஆமாம்ப்பா, எனக்கு முதல்லயே தெரியும். சொல்லியிருக்கணும்.