வான் ஏரிக்கரையின் இருநிறக் கண் பூனை

வெளிர் நிறக் கண் உடையவரைப் 'பூனைக்கண்' என்று சொல்வது நம்மவர் வழக்கம். அந்தப் பூனைக்கே ஒரு கண் நீலமாகவும் மறு கண் தேன் நிறமாகவும் இருந்தால் என்ன சொல்வது? அத்தகைய பூனைகளுக்குப் பெயர் பெற்ற ஊர் ஒன்று துருக்கி நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் வான். நம் மொழியில் வான் என்றால் ஆகாயம். அங்கேயோ அது ஒரு நகரத்தின் பெயர். பக்கத்திலுள்ள பெரிய ஏரிக்கும் அதுவே பெயர். அந்தப் பூனையின் கதையையும், அதன் பெயர் எப்படி வேறொரு பூனைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் இன்று பார்ப்போம்.

துருக்கியின் கிழக்குக் கோடியில், ஈரான் எல்லைக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,640 மீட்டர் உயரத்தில் வான் ஏரி அமைந்துள்ளது. நம் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவைக் காட்டிலும் உயரமான இடம் அது. குளிர்காலத்தில் பனி கொட்டும். ஏரி நீரோ உவர் நீர். ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன்பு உரார்த்து என்ற அரசின் மன்னர்கள் இந்த ஏரிக்கரையில் தலைநகர் அமைத்து ஆண்டார்கள். பாறை மேல் அவர்கள் எழுப்பிய கோட்டையை இன்றும் காணலாம்.

அவ்வூர் மக்கள் தங்கள் வீடுகளில் வளர்த்துவந்த பூனைதான் வான் பூனை. உடல் முழுவதும் தூய வெள்ளை, மிருதுவான நீண்ட முடி, அடர்ந்த வால். தண்ணீரைக் கண்டால் ஓடும் பூனைகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இதுவோ நீரில் இறங்கி நீந்தும் என்று பெயர் பெற்றது. சிலவற்றுக்கு இரு கண்களும் நீலம்; சிலவற்றுக்கு இரண்டும் தேன் நிறம்; இன்னும் சிலவற்றுக்கு ஒரு கண் நீலம், ஒரு கண் தேன் நிறம். இந்த மூன்றாவது வகையையே ஊரார் பெரிதும் விரும்புகிறார்கள். பிறந்த குட்டியின் தலையில் கரும்புள்ளி இருந்தால் அதற்கு இருநிறக் கண் அமையும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இப்பூனை யாருக்குச் சொந்தம்? துருக்கியர் 'வான் கெதிசி' என்கிறார்கள். குர்தியர் 'பிசீகா வானே' என்கிறார்கள். ஆர்மீனியர் 'வானா காத்து' என்கிறார்கள். மூன்றுக்கும் பொருள் 'வான் ஊர்ப் பூனை' என்பதே. வான் நகரம் ஒரு காலத்தில் ஆர்மீனியர் பெருமளவில் வாழ்ந்த இடம். முதல் உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டு தொடங்கிய படுகொலைகளிலும் வெளியேற்றத்திலும் அவர்கள் வாழ்வு அங்கே அழிந்தது. தப்பியவர்கள் பல நாடுகளுக்குச் சிதறினார்கள். அவர்கள் விட்டுச் சென்ற ஊரில் பூனை இருந்தது; அவர்கள் கொண்டுசென்ற மொழியில் பூனையின் பெயர் இருந்தது.

இனி, பெயர் மாறிய கதைக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு லாரா லஷிங்டன், சோனியா ஹாலிடே என்னும் இரு ஆங்கிலப் பெண்கள் துருக்கியில் பயணம் செய்தார்கள். அங்கே கிடைத்த இரு பூனைக் குட்டிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று வளர்த்துப் பெருக்கினார்கள். அவை உடல் வெள்ளையாகவும், தலையிலும் வாலிலும் மட்டும் செம்பழுப்பு நிறமாகவும் இருந்தன. ஒன்று இஸ்தான்புல்லிலும் மற்றொன்று இஸ்கந்தரூன் துறைமுகப் பகுதியிலும் கிடைத்தவை. இரண்டுமே வான் நகரிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர்கள். 1969இல் பிரிட்டனின் பூனை வளர்ப்போர் மன்றம் இவற்றைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. முதலில் 'துருக்கிப் பூனை' என்று வழங்கிய இவ்வினம் பின்னர் 'துருக்கி வான்' என்று பெயர் பெற்றது.

பதிவேட்டில் ஏறிய பெயர் உலகெங்கும் பரவியது. எந்த இனப் பூனையானாலும், தலையிலும் வாலிலும் மட்டும் நிறமிருந்தால் அந்த அமைப்பையே 'வான்' என்று குறிக்கும் அளவுக்கு அது நிலைத்துவிட்டது. வான் நகரத்தாரோ, "எங்கள் பூனை முழு வெள்ளை" என்றே இன்றும் சொல்லி வருகிறார்கள். எழுதி வைத்தவர் ஒருவர், வளர்த்து வந்தவர் வேறொருவர் என்றால் இப்படித்தான் நேர்கிறது.

சரி, ஒரே முகத்தில் இரு நிறக் கண்கள் எப்படி அமைகின்றன? குட்டி தாயின் வயிற்றில் உருவாகும்போது, நிறமூட்டும் உயிரணுக்கள் முதுகுப் பக்கத்தில் தோன்றி உடலெங்கும் பரவுகின்றன. வெள்ளை நிறத்துக்குக் காரணமான மரபுக்கூறு இந்தப் பரவலைத் தடுக்கிறது. அணுக்கள் எட்டிய கண் தேன் நிறம் பெறுகிறது. எட்டாத கண் நீலமாகத் தெரிகிறது. அதில் நீலச் சாயம் எதுவும் இல்லை. ஆகாயம் நீலமாகத் தெரிவதுபோல, ஒளி சிதறுவதால் தோன்றும் நீலம் அது.

இதே அணுக்கள் உட்செவிக்கும் தேவை. ஆகவே நீலக் கண் இருக்கும் பக்கத்துச் செவி கேளாமல் போவதுண்டு. நீலக் கண் பூனைகளின் செவிட்டுத் தன்மையை டார்வின் தமது 1859ஆம் ஆண்டு நூலிலேயே குறிப்பிட்டார். ஆனால் நீலக் கண் உடையவை எல்லாமே செவிடல்ல. செவிடான பூனையும், வாகனங்களும் நாய்களும் அணுகாத வீட்டில் நன்றாகவே வாழும்.

தெருப் பூனைகளோடு கலந்ததால் தூய வெள்ளைப் பூனைகள் அருகிவந்தன. வான் நகரில் 1982இல் 'நூறாம் ஆண்டு' என்ற பெயரில் பல்கலைக்கழகம் ஒன்று நிறுவப்பட்டது. 1990களில் அங்கே இப்பூனைக்கென ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பூனைகளை இணை சேர்த்து, குட்டிகளின் வரலாற்றைக் குறித்து, இனம் கெடாமல் காத்து வருகிறார்கள். இருநிறக் கண் பூனைகளை இணை சேர்த்தாலும் எல்லாக் குட்டிகளுக்கும் அக்கண் அமைவதில்லை. அதனால் வேலை எளிதன்று. நம் சரவாக்கின் கூச்சிங் நகரில் பூனைச் சிலைகள் நிற்பதுபோல, வான் நகரிலும் இருநிறக் கண் பூனைக்குச் சிலை நிற்கிறது.

நேயர்களே, அரசர்களின் கோட்டை பாறையில் நிற்கிறது. பூனையைக் காத்ததோ பெயர் தெரியாத குடும்பங்கள். அடுப்பருகே இடம் கொடுத்து, தங்கள் மீனில் ஒரு துண்டைப் பகிர்ந்தளித்தவர்கள். அவர்கள் எதையும் பதிவு செய்து வைக்கவில்லை. அதனால் பெயர் வேறு பூனைக்குப் போயிற்று. நம் வீட்டுப் பெரியவர்களும் தாங்கள் வந்த ஊரையும், வளர்த்த மரத்தையும், பழகிய மனிதரையும் பற்றி எவ்வளவோ சொல்கிறார்கள். அவற்றைக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைக்கும் பொறுப்பைப் பள்ளி செல்லும் பிள்ளைகள் ஏற்கலாம்.